சுற்றுகிறது, ஆனால் பற்றரி ஏறவில்லை: சின்ன நிலைக்குத்துக் காற்றாடியின் இறக்கை பற்றி

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு காற்றாடி நிற்கிறது. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி மூன்று நெட்டை இறக்கைகள், முட்டை அடிக்கிற கம்பியைப் பெரிதாக்கித் தலைகீழாக நட்டது போல இருக்கும். முதல் தடவை ஏற்றி வைத்தபோது ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதால எத்தின லைட் எரியும் மனே?" என்று கேட்டார். "ஒண்டும் எரியாது மாமா" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்.

பகிடி இல்லை, அதுதான் நிலைமை. நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது தடவை அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பற்றரியில் மீற்றரை வைத்துப் பார்த்தால் ஒரு அசைவும் இல்லை. காற்றுக் கொஞ்சம் கூடினாலும் அதே நாற்பது, ஐம்பது. ஏதோ ஒன்று பிடித்து வைத்திருப்பது போல. இந்தச் சின்னக் காற்றாடிகளைச் செய்து பார்த்த எவரும் இந்த இடத்தில் ஒரு தடவையாவது மாட்டியிருப்பார்கள், ஏன் மாட்டுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் இறக்கையை எப்படித் திருத்துவது என்பதும் பாதி விளங்கிவிடும்.

முதலில் எங்கள் காற்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று கடலுக்குப் போகிறவர்கள் நாலு திசைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். (வறுத்துச் சுருளில் போட்டு விற்கிற கச்சானுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று.) ஆனி, ஆடியில் மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போய், சூடாகி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கமிருந்து இறங்கி வருகிறதே, அந்தக் கச்சான்தான் எங்களுக்கு வருடத்தில் உரமான காற்றுகளில் ஒன்று. மாரியில் வாடை. மற்ற நாட்களில் பின்னேரம் கடற்காற்று, இரவில் நிலக்காற்று, இடையில் ஒரு இலையும் ஆடாத நேரம். மன்னாரோடு ஒப்பிட்டால் எங்கள் பக்கம் ஏழைதான். அங்கே தம்பபவனிக் காற்றாலைப் பண்ணையில் ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று கொண்ட 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று, நிற்பது சும்மா இல்லை, காற்று அங்கேதான் இருக்கிறது. எங்களிடம் இருப்பது திசை மாறி மாறி, தென்னைக்கும் கூரைக்கும் இடையில் புகுந்து, குழம்பி வருகிற மெல்லிய காற்று. நிலைக்குத்து அச்சுக் காற்றாடி மேல் ஆசை வருவதற்குக் காரணமும் அதுதான், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான், முகத்தைத் திருப்பத் தேவையில்லை.

மெல்லிய காற்று எவ்வளவு ஏழை என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். காற்றில் இருக்கும் வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். என்னுடைய காற்றாடி ஒன்றரை மீற்றர் விட்டம், ஒன்றரை மீற்றர் உயரம், அதாவது காற்றுக்குக் காட்டுகிற முகம் 2.25 சதுர மீற்றர். எங்கள் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோ நிறை. செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வீசினால் அந்த முகத்துக்குள்ளால் 670 வாற்று அளவு போகிறது. 4 மீற்றருக்கு இறங்கினால் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும், 84 வாற்று. 3 மீற்றரில் வெறும் 35. அதிலும் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. ஜெர்மனிக்காரர் அல்பேர்ட் பெட்ஸ் சுமார் நூறு வருடத்துக்கு முன்பே எல்லை கீறிவிட்டார், 27 இல் 16 பங்கு, அதாவது 59.3 வீதம். சின்ன நிலைக்குத்துக் காற்றாடி 25 வீதம் பிடித்தால் நல்ல வேலை என்று சொல்லலாம். 4 மீற்றர் காற்றில் அது 21 வாற்று, ஜெனரேற்றரும் வயரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு கைக்கு வருவது 13, 14.

இந்த இடத்தில் ஒரு பக்கப் பேச்சு. போனில் விளம்பரம் வருகிறது, 40 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் உயரம், பளபளவென்று முறுக்கிய இறக்கை, பக்கத்தில் '3000 வாற்று' என்று போட்டிருக்கும். முகம் 0.24 சதுர மீற்றர். செக்கனுக்கு 12 மீற்றர் காற்று, அதாவது எங்கள் ஊரில் கூரைத் தகரம் படபடக்கிற காற்று, அடித்தாலும் அதற்குள்ளால் போகிற மொத்த வலுவே 240 வாற்று. பெட்ஸ் எல்லையைப் போட்டால் 142. மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று விற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்க்காமல் ஒரு காற்றாடியும் வாங்காதீர்கள்.

சரி, இறக்கைக்கு வருவோம்.

நிலைக்குத்துக் காற்றாடியில் இரண்டு சாதி. ஒன்று, பின்லாந்துக்காரர் சிகுர்ட் சவோனியஸ் 1920களில் செய்தது. எண்ணெய்ப் பீப்பாவை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பாதிகளை எதிரும் புதிருமாக வைத்துத் தண்டில் பூட்டினால் அதுதான். குழிந்த பக்கம் காற்றைப் பிடிக்கும், குவிந்த பக்கம் வழுக்கவிடும், அந்த வித்தியாசத்தில் சுற்றும். இதற்கு ஒரு வருத்தமும் இல்லை, மெல்லிய காற்றிலேயே தானாகக் கிளம்பும், வெல்டிங் கடைக்காரர் ஒரு பின்னேரத்தில் செய்து தருவார். ஆனால் பாய் கட்டிய தோணி காற்றோடு ஓடினால் காற்றைவிட வேகமாக ஓட முடியாது அல்லவா, அதே குறைதான் இதற்கும். விளிம்பு கிட்டத்தட்டக் காற்றின் வேகத்தோடு நின்றுவிடும், நன்றாகச் செய்தாலும் 15 முதல் 20 வீதம் எடுப்பதே பெரிய காரியம். நன்றாகச் செய்வது என்றால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்: இரண்டு பாதிகளும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும், ஒரு பாதியின் அகலத்தில் ஆறில் ஒன்று, ஐந்தில் ஒன்று அளவு, அந்த இடைவெளியால் காற்று மறுபாதியின் முதுகுக்குப் பின்னால் போய்த் தள்ளும். மேலும் கீழும் வட்டத்தட்டு மூட வேண்டும், சுழற்றியின் விட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிதாக. பாதிகள் இரண்டு போதும், மூன்று வைத்தால் ஒன்றின் காற்றை மற்றது மறைக்கும். சுற்று இழுத்து இழுத்து வருகிறது என்றால் இரண்டு அடுக்காகச் செய்து மேல் அடுக்கை 90 பாகை திருப்பி வைக்கலாம்.

மற்றது பிரெஞ்சுக்காரர் ஜோர்ஜ் டேரியஸ் 1925 இல் உரிமம் எடுத்த வகை. என் வீட்டில் நிற்பது அந்தச் சாதியில் நேர் இறக்கை வைத்தது. இதில் காற்று இறக்கையைப் பின்னால் இருந்து தள்ளுவதில்லை, விமான இறக்கையைத் தூக்குகிற அதே விசைதான் இதை முன்னால் இழுக்கிறது. பாய்த்தோணி காற்றுக்குக் குறுக்கே ஓடுவது மாதிரி, ஆகவே காற்றைவிடப் பல மடங்கு வேகமாகவும் ஓடலாம். அங்கேதான் சிக்கலும்.

கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். வாவிப் பக்கமிருந்து காற்று வீசும்போது பாலத்தில் நின்றால் காற்று பக்கத்தால் அடிக்கும். உழக்கத் தொடங்கினால் அதே காற்று முன்பக்கத்துக்குச் சாய்ந்து வருவது போல இருக்கும். இன்னும் வேகமாக உழக்கினால் நேரே முகத்தில். காற்று மாறவில்லை, நீங்கள் ஓடுகிற வேகம் அதோடு சேர்ந்துவிட்டது. இறக்கைக்கும் அதே கதைதான். அது வேகமாக ஓடினால் காற்று அதன் மூக்குக்கு நேரே வருகிறது, மெதுவாக ஓடினால் விலாவில் அடிக்கிறது. இறக்கையின் நடுக்கோட்டுக்கும் வருகிற காற்றுக்கும் இடையில் இருப்பதைத் தாக்குகோணம் என்பார்கள். சின்ன இறக்கை ஒன்று பத்து, பதினைந்து பாகை வரைக்கும் தாங்கும், அதற்கு மேலே போனால் காற்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு போகாமல் பிய்ந்து சுழலத் தொடங்கும். இழுக்கிற விசை போய் வெறும் முட்டுக்கட்டைதான் மிச்சம்.

இறக்கை ஓடுகிற வேகம் காற்றின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் திறப்பு. நாலு மடங்கு ஓடினால் ஒரு சுற்றில் தாக்குகோணம் கூடினால் 14, 15 பாகைக்குள் நிற்கும். மூன்று மடங்கு என்றால் 20. இரண்டு மடங்கில் 30. ஒரே வேகத்தில், ஒரு மடங்கில், ஓடினால் அது 90 பாகை வரைக்கும் போகும், சுற்றின் பெரும்பகுதி இறக்கை காற்றைப் பிடிக்காமல் வெறும் பலகை மாதிரிப் போய்வரும். (இது காற்று உள்ளே வந்தும் மெதுவாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு, உண்மையில் இறக்கைகளே காற்றைத் தடுத்து மெதுவாக்குவதால் கோணம் இதைவிடக் குறையும், ஆனால் கதை மாறாது.) என் காற்றாடி நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் இறக்கையின் ஓட்டம் செக்கனுக்கு மூன்றரை மீற்றர். அன்றைக்கு வீசியதும் ஏறத்தாழ அதே அளவுக் காற்றுத்தான். சரியாக ஒரு மடங்கில் போய் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் இதைச் செத்த இடம் என்று சொல்வேன். அதைத் தாண்டி ஒன்றரை, இரண்டு மடங்குக்குப் போய்விட்டால் தானே பிடித்து ஏறிவிடும், தாண்டுவதற்குத்தான் வலு இல்லை. பெரிய டேரியஸ் காற்றாலைகளில் ஜெனரேற்றரையே மோட்டராக ஓட்டி முதலில் சுற்றிவிடுவார்கள், எங்களைப் போல 12 வோல்ற் பற்றரி வைத்திருப்பவர்கள் 20 வாற்றுக்காக அதைச் செய்தால் செலவுக்குக் கட்டாது.

செத்த இடத்தைத் தாண்ட இறக்கையில் என்ன செய்யலாம்? என் முதல் இறக்கை 6 சென்ரிமீற்றர் அகலம், அலுமினியத் தகடு மடித்தது, மெல்லியது. இணையத்தில் பார்த்த பெரிய காற்றாலைகளின் படத்தில் இறக்கை ரிப்பன் மாதிரி இருந்தது, நானும் ரிப்பன் மாதிரிச் செய்தேன். அது பிழை என்று விளங்க ஆறு மாதம் எடுத்தது. காற்றுக்கு அளவு தெரியும். பெரிய இறக்கைக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போகிற அதே காற்று சின்ன இறக்கையில் பாணி மாதிரி நடந்துகொள்ளும், ஒட்டும், பிய்யும். இதை அளக்கிற எண்ணுக்கு ரெனோல்ட்ஸ் எண் என்று பெயர்: காற்றின் வேகத்தை இறக்கையின் அகலத்தால் பெருக்கி, காற்றின் பிசுக்குக்கான ஒரு எண்ணால் வகுப்பது. 6 சென்ரிமீற்றர் இறக்கையில் செக்கனுக்கு 7 மீற்றர் காற்றுப் பட்டால் அது 26,000 சொச்சம். அதே இறக்கையை 20 சென்ரிமீற்றர் ஆக்கி, 10 மீற்றர் காற்றில் ஓடவிட்டால் 1,25,000. ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் சாதாரண விமான இறக்கை வடிவங்களின் இழுவிசை விழுந்துவிடும், முட்டுக்கட்டை ஏறிவிடும். ஆகவே சின்னக் காற்றாடிக்கு முதல் விதி, இறக்கையின் தொகை குறைய வேண்டும், அகலம் கூட வேண்டும். ஆறு ரிப்பனைவிட மூன்று அகலப் பலகை நல்லது.

அகலமாக்கினால் காற்றாடியின் சுபாவமே மாறும். மூன்று இறக்கைகளின் அகலத்தையும் கூட்டிச் சுழற்றியின் ஆரையால் வகுத்துப் பாருங்கள். என்னுடையது முன்பு 0.24, இப்போது 20 சென்ரிமீற்றர் இறக்கையோடு 0.8. 0.24 காற்றாடி நாலு மடங்கு வேகத்தில் ஓடத் தெரிந்தது, ஆனால் அங்கே போய்ச்சேரவே மாட்டாது. 0.8 காற்றாடிக்கு இரண்டு மடங்கே போதும், 5 மீற்றர் காற்றில் நிமிடத்துக்கு 127 சுற்று. மெதுவாகச் சுற்றுவதால் சத்தம் குறைவு, உச்ச வினைத்திறன் புத்தகக் கணக்கைவிடக் கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும், எங்கள் ஊரில் உச்சம் வருகிற நாள் எத்தனை? கிளம்பாத காற்றாடியின் 40 வீதத்தைவிடக் கிளம்புகிற காற்றாடியின் 25 வீதம் மேல்.

அடுத்தது தடிப்பு. நாசாவுக்கு முன்னோடியான அமெரிக்க அமைப்பு அந்தக் காலத்தில் வகுத்து வைத்த நாகா வடிவங்கள்தான் இன்றைக்கும் எல்லாரும் தொடங்குகிற இடம். 0012, 0015, 0018, 0021 என்று நாலிலக்கப் பெயர், கடைசி இரண்டு இலக்கம் தடிப்பு அகலத்தில் எத்தனை வீதம் என்பது, முன்னால் இரண்டு பூச்சியம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே வளைவு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வாவி மீனை மேலிருந்து பார்த்த மாதிரி, தலை மொத்தம், வால் ஒல்லி. மெல்லிய 0012 கோணம் கொஞ்சம் கூடினதும் பட்டென்று விட்டுவிடும். 0018, 0021 இரண்டும் மூக்கு உருண்டையாக இருப்பதால் மெதுவாகத்தான் விடும், செத்த இடத்தில் இந்தப் பொறுமைதான் தேவை. உள்ளே பலத்துக்கு இடமும் கிடைக்கும். நான் 0018 எடுத்தேன், 0021 எடுத்திருந்தாலும் பிழையில்லை. பின்விளிம்பைச் சில பேர் திறந்துவிட்டு ஆங்கில ஜே எழுத்து மாதிரிச் செய்கிறார்கள், உட்பக்கம் காற்று அடைத்துச் சவோனியஸ் போலத் தள்ளும், கிளம்புவது சுகம். ஆனால் வேகம் எடுத்த பிறகு அந்தத் திறந்த வாயே இழுத்துப் பிடிக்கும். தானாகக் கிளம்புவதும் கடைசியில் நிறையத் தருவதும் இரண்டும் ஒரு இறக்கையில் முழுதாகக் கிடைக்காது.

பூட்டுகிற கோணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. அகல இறக்கை வட்டத்தில் ஓடும்போது அதன் மூக்கு நிற்கிற இடத்தில் வட்டத்தின் திசை ஒன்று, வால் நிற்கிற இடத்தில் இன்னொன்று. 20 சென்ரிமீற்றர் இறக்கையை 75 சென்ரிமீற்றர் ஆரையில் பூட்டும்போது, ஓட்டையை அகலத்தின் நடுவில் போட்டு அங்கே வட்டத்துக்கு ஒத்த மாதிரி வைத்தால், மூக்கிலிருந்து கால்வாசியில் பார்க்கும்போது அது ஏறத்தாழ 4 பாகை வெளியே பார்த்தபடி நிற்கும். ஓட்டையைக் கால்வாசியில் போட்டால் பூச்சியம். அதாவது நீங்கள் கோணம் வைக்கவில்லை என்று நினைத்தாலும் ஓட்டை கோணம் வைத்துவிடுகிறது. அகல இறக்கைகளுக்கு மூக்கு இப்படி இரண்டு, மூன்று பாகை வெளியே பார்ப்பது நல்லது, உள்ளே பார்த்தால் நட்டம். நான் பூட்டுகிற இடத்தில் நீள ஓட்டை போட்டு, நட்டைத் தளர்த்தித் திருப்பிப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.

இனிச் செய்கிற வேலை. எங்கள் கரையில் இதற்கு உள்ள பெரிய வசதி, பைபர் தோணி பழுது பார்க்கிறவர்கள். இறக்கை என்பது அவர்கள் கண்ணுக்கு ஒரு ஒல்லித் தோணிதான். நான் கேட்காமல் தொடங்கியதால் ஒரு அனர்த்தம் நடந்தது. ரிஜிபோம் (பொருட்களைப் பொதி செய்கிற வெள்ளை நுரை) கட்டியைச் சூட்டுக் கம்பியால் வெட்டி, பிளைவுட் அச்சு இரண்டு பக்கமும் குத்தி, அழகாக 0018 வடிவம் எடுத்து, அதன்மேல் பைபர் பாயைப் போட்டுத் தோணிக்குப் பூசுகிற அதே ரெசினைப் பூசினேன். பத்து நிமிடத்தில் உள்ளே இருந்த ரிஜிபோம் சீனி கரைகிற மாதிரிக் கரைந்து போய்விட்டது, கையில் மிஞ்சியது சுருங்கின கருவாடு. அந்த ரெசினில் இருக்கும் ஸ்ரைரீன் ரிஜிபோமைக் கரைக்கும், எப்பொக்சி என்றால் கரைக்காது. தோணி வேலை செய்கிற அண்ணன் பார்த்துவிட்டு, "என்னட்டக் கேட்டிருக்கலாமே தம்பி" என்று சொல்லி, தோணிக்குள் மிதக்கிறதுக்கு அடைக்கிற மஞ்சள் நுரையில் வெட்டுத்துண்டு கொஞ்சம் தந்தார். அதை ரெசின் ஒன்றும் செய்யாது. ஆனால் அதைச் சூட்டுக் கம்பியால் வெட்டப்படாது, நச்சுப் புகை வரும், வாளால் அறுத்து உரஞ்சித்தான் எடுக்க வேண்டும். மூக்கை உருண்டையாக, வாலைக் கத்தி மாதிரி மெல்லியதாக. தோணிக்காரருக்கு விளிம்பு எல்லாம் உருட்டித்தான் பழக்கம், வாலையும் உருட்டிவிடுவார், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மூன்று இறக்கையையும் கடைத் தராசில் நிறுத்து, குறைந்ததற்கு ரெசின் கூட்டி, ஒரே நிறைக்குக் கொண்டுவாருங்கள். ஏனென்று கேட்டால், ஒன்றரைக் கிலோ இறக்கை, 8 மீற்றர் காற்றில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்போது வெளியே இழுக்கிற இழுவை 52 கிலோ தொங்குகிற அளவு, ஒரு சீமெந்துப் பையைக் கட்டித் தொங்கவிட்டது போல. 12 மீற்றரில் இரண்டு பைக்கு மேல். கொஞ்ச நிறை வித்தியாசமே வீட்டுத் தட்டை அதிரவைக்கும், என் அம்மா இரவில் எழும்பி அதை நிப்பாட்டச் சொன்ன நாட்கள் உண்டு. இந்த இழுவையில் இறக்கை நடுவில் வளையாமல் இருக்க, அதைத் தண்டோடு இணைக்கிற கைகள் இரண்டையும் இறக்கையின் நுனிகளில் பூட்டாமல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே பூட்ட வேண்டும். ஒன்றரை மீற்றர் இறக்கைக்கு நுனியிலிருந்து 31 சென்ரிமீற்றர். அப்படி வைத்தால் நடுவிலும் பூட்டிலும் வளைவு ஒரே அளவாகப் பங்குபட்டுக் குறைந்தபட்சமாகும்.

அதோடு களைப்பு. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருதரம் உள்ளே, ஒருதரம் வெளியே மடிபடுகிறது. நிமிடத்துக்கு 127 என்றால் ஒரு நாளைக்கு 1,80,000 தடவைக்கு மேல். அலுமினியம் இதை மறக்காது, எண்ணிக்கொண்டே இருந்து ஒருநாள் வெல்டிங் பக்கத்தில் வெடிக்கும், போதாததற்கு எங்கள் உப்புக்காற்று. அலுமினியத்தில் இரும்பு போல்ற் பூட்டினால் அந்த இடம் ஒரு மாரியில் வெள்ளை மாவாகக் கொட்டும். இது சின்ன ஆட்களின் பிரச்சினை மட்டும் இல்லை. கனடாவின் கியூபெக்கில் கப்-ஷா என்ற இடத்தில் 1980களில் ஏயோல் என்று நூறு மீற்றருக்குக் கிட்ட உயரத்தில் ஒரு டேரியஸ் கட்டினார்கள், உலகத்திலேயே பெரியது, சில வருடங்கள் ஓடியது, கீழ்ப் பெயாரிங் பழுதாகி 1993 இல் நின்றது. இன்றைக்கும் சும்மா நிற்கிறது.

முறுக்கின இறக்கை நல்லதா என்று எல்லாரும் கேட்பார்கள். அலெக்சாந்தர் கோர்லோவ் 1990களில் நீரோட்டத்துக்காக உரிமம் எடுத்த வடிவம் அது, பிறகு காற்றுக்கும் வந்தது. அதன் நன்மை, இறக்கையின் ஏதாவது ஒரு துண்டு எப்போதும் நல்ல இடத்தில் நிற்பதால் தண்டைச் சுற்றவைக்கிற விசை விட்டு விட்டு வராமல் சீராக வரும், அதிர்வும் சத்தமும் குறையும். கூடுதலாக ஒரு வாற்றும் தருவதில்லை. அதைக் கையால் செய்வது பெரிய தலையிடி. சீர்தான் வேண்டும் என்றால் நேர் இறக்கையையே இரண்டு அடுக்காக்கி மேலடுக்கை 60 பாகை திருப்பி வையுங்கள், பாதி நன்மை இலகுவாகக் கிடைக்கும்.

இவ்வளவும் செய்து ஏற்றினேன். செத்த இடத்தைத் தாண்டியது, தாண்டி 80, 90 சுற்றில் மறுபடி நின்றது. பற்றரி ஏறியது, ஆனால் கணக்குக்குப் பாதி. இறக்கையில் பிழை தேடித் தேடி, கோணத்தை மாற்றி, மூக்கை மறுபடி உரஞ்சி ஒரு கச்சான் காலம் முழுக்கப் போனது. கடைசியில் கைகளை ஒருநாள் சும்மா இருந்து கணக்குப் பார்த்தேன். முக்கால் இஞ்சிக் குழாய், வெளிவிட்டம் 27 மில்லிமீற்றர், ஆறு கை. உருண்டைக் குழாய் காற்றில் படுகிற முட்டுக்கட்டை அநியாயம், அதே முட்டுக்கட்டையைத் தருகிற மீன்வடிவப் பலகை பத்து மடங்கு தடிப்பாக இருக்கலாம். 5 மீற்றர் காற்றில் நிமிடத்துக்கு 127 சுற்றில் ஒரு கை மட்டும் தின்பது மூன்றரை வாற்று, ஆறும் சேர்ந்து 20க்கு மேல், வீசுகிற காற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தக் காற்றில் இறக்கைகள் சம்பாதிப்பதே 41 வாற்று. பாதியைக் கைகள் தின்றுகொண்டிருந்தன, நான் இறக்கையை உரஞ்சிக்கொண்டிருந்தேன்!

மெல்லிய தகட்டை மீன்வடிவில் மடித்துக் குழாய்களுக்கு மேல் உறையாகப் போட்டேன், இறக்கையும் கையும் சேர்கிற மூலைகளை ரெசினால் நிரப்பி உருட்டினேன். செலவு ஒரு தகடு. அதன் பிறகுதான் காற்றாடி கணக்குக்குக் கிட்ட வந்தது. யாராவது இனித் தொடங்குவதாக இருந்தால் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள், முதலில் கை, பிறகு அகலம், பிறகு தடிப்பும் கோணமும், முறுக்கு வேண்டாம்.

ஜெனரேற்றர் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, இங்கே ஒன்று மட்டும். என்னுடையது மின்சைக்கிள் சில்லில் இருந்து கழற்றிய மோட்டர். கையால் திருப்பினால் கடக், கடக் என்று காந்தம் பிடித்துப் பிடித்து விடுகிறதா பாருங்கள், அந்தப் பிடிதான் மெல்லிய காற்றில் கிளம்பவிடாது. செத்த இடத்தில் நிற்கும்போது பற்றரிச் சுமையையும் ஏற்றினால் முடிந்தது கதை, ஆகவே இப்போது சுற்று நூறு தாண்டிய பிறகு சுமையைக் கொடுக்கிற மாதிரி ஒரு சின்ன சேர்க்கிற் வைத்திருக்கிறேன்.

சோலர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். 100 வாற்று சோலர் தகடு ஒன்று எங்கள் வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாற்று மணிக்குக் குறையாமல் தரும், ஆடுகிற பாகம் ஒன்றும் இல்லை, கழுவி விட்டால் போதும். அதே அளவைக் காற்றாடியிடம் வாங்க 4 மீற்றர் காற்று ஒரு நாள் முழுக்க ஓயாமல் வீசினாலும் எட்டாது. காசு இருப்பவர் முதலில் சோலர் போடட்டும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வானம் கறுத்து ஒரு கிழமை வெயில் காணாத நாட்களில் வாடை வீசுகிறது, இரவும் வீசுகிறது, அந்தக் கிழமைக்குத்தான் இது. மீன்வாடிக் கொட்டிலில் ஒரு விளக்கும் போன் சார்ஜும் என்றால் அதற்கும் காணும்.

மாமா இந்த ஆடியில் மறுபடி கேட்டார். இரண்டு லைட் எரியும், காற்று நின்றால் அதுவும் இல்லை என்றேன். "சூறாவளி வந்தா?" என்பது அடுத்த கேள்வி. 1978 நவம்பர் 23 ஐக் கண்ட ஆட்களிடம் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஜெனரேற்றரின் வயர்களைச் சேர்த்து விட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் வேகம் மிஞ்சிய பிறகு சேர்த்தால் மோட்டரே எரியும், காற்று ஏறுவதற்கு முன்னமே செய்ய வேண்டும். அதையும் நான் நம்புவதில்லை. தூணின் அடியில் ஒரு பிணைச்சல் வைத்திருக்கிறேன், எச்சரிக்கை வந்தால் நாலு பேர் கயிற்றைப் பிடித்துச் சாய்த்து, இறக்கைகளைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுவோம். போன மாரியில் இரண்டு தடவை சாய்த்தோம். இரண்டாவது தடவை கயிற்றில் ஒரு நுனியைப் பிடித்தவர் மாமா.